சத்யப்ரியா முடிக்கும் வரை

என் பெயர் ஆரிபா. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளியில் அந்தக் ‘கொஞ்சம்’ என்பதை விட்டுவிட்டுச் சொல்வார்கள்.

என்னை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல விட்டதே இல்லை. அம்மா, “இன்னைக்குக் குழம்புல…” என்று ஆரம்பித்தால், “உப்பு கம்மி” என்று அத்தா முடிப்பார். தம்பி யூனுஸ், “நாளைக்கு எங்க ஸ்கூல்ல…” என்றால், “என்னடா செஞ்சு தொலைச்ச? யாரு வரணும், அத்தாவா, நானா?” என்று அம்மா கத்துவார். பாவம், நாளைக்கு லீவு என்று சொல்லத்தான் அவன் வந்திருப்பான்.

அத்தாவுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் தையல் சாமான் கடை. நூல், பட்டன், ஜிப், லேஸ், லைனிங் துணி எல்லாம் கிடைக்கும். கடைக்கு வருகிறவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள், அவருக்கு வேண்டியதை எடுத்து மேஜையில் போட்டுவிடுவார் அத்தா. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

“கேட்ட பிறகு எடுத்துக் குடுக்க யாராலயும் முடியும்மா. கேக்குறதுக்கு முன்னாடி குடுக்கணும். அதுதான் வியாபாரம்” என்பார்.

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான், எங்கள் பள்ளியில் அட்வான்ஸ்டு ஜெர்மன் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் வினை வந்தது.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஜெர்மன் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டவர்கள் மட்டும் அட்வான்ஸ்டு வகுப்பில் சேரலாம். இந்த வருடம் மொத்தம் ஆறு பேர். கட்டுரை, கடிதம், விவாதம் எல்லாமே ஜெர்மனில்தான். வகுப்புக்குள் தமிழ் பேசினால், ஆனிமேரி மிஸ் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எந்த மொழியிலும் பதில் கிடையாது.

என் பக்கத்தில் உட்காருகிறவள் சத்யப்ரியா. ஆறாம் வகுப்பிலிருந்து என் உயிர்த்தோழி. பரவையிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

நான் ஜெர்மன் பேசினால் தப்பும் தவறுமாக, ஆனால் கடகடவென்று வரும். சத்யப்ரியா பேசினால் ஒரு தப்பு இருக்காது. ஆனால், வருவதற்கு நேரமாகும். கேள்வி கேட்டால் மேலே பார்ப்பாள். கீழே பார்ப்பாள். சடை நுனியைப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் நான் பதிலைச் சொல்லிவிடுவேன்.

அவளுக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக!

எழுத்தில் மட்டும் அவளை யாரும் அசைக்க முடியாது. எழுத்துத் தேர்வில் அவள்தான் எப்போதும் முதல். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். அவள் டைரியைத் தமிழில் எழுதினால் எடுத்துப் படிப்பார்கள். இங்கிலீஷில் எழுதினாலும் படிப்பார்கள். படித்துவிட்டுச் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து சத்யப்ரியா ஜெர்மனில் டைரி எழுதத் தொடங்கினாள். அண்ணன்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்களாம்.

“எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு ரூம் இல்லடி. இதுதான் என் ரூமு” என்று ஒருமுறை சொன்னாள்.

வருடக் கடைசியில் எங்களுக்குப் பேச்சுத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். இருவர் இருவராக உட்கார வேண்டும். அவர் ஒரு அட்டையைக் கொடுப்பார். அதிலுள்ள விஷயத்தைப் பற்றி இருவரும் பேசி ஒரு திட்டம் போட வேண்டும். இருபத்தைந்துக்குப் பதினைந்து எடுத்தால்தான் பத்தாம் வகுப்பிலும் அட்வான்ஸ்டு ஜெர்மன். எடுக்காவிட்டால் வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆனிமேரி மிஸ் எல்லாரையும் பேசவைத்துத் தன் செல்போனில் பதிவு செய்தார். தோழியின் பிறந்தநாள் விழாவுக்குத் திட்டம் போட வேண்டும். நானும் சத்யப்ரியாவும் ஜோடி. பிரமாதமாகப் பேசினோம் என்று நினைத்தேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் மிஸ் எங்கள் இருவரையும் நிற்கச் சொன்னார்.

“கேளுங்க” என்று செல்போனை மேஜையில் வைத்தார்.

முதலில் சத்யப்ரியாவின் குரல் ஜெர்மனில் மெதுவாக வந்தது. “எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்…”

உடனே என் குரல். “சனிக்கிழமை நல்லது! சத்யாவுக்கும் சனிக்கிழமைதான் பிடிக்கும்!”

“ஆனால், விழாவுக்கு நாம்…”

“கேக் வாங்கலாம்! கேக் என் பொறுப்பு, பலூன் அவள் பொறுப்பு!”

“நான் நினைப்பது…”

“ஆமாம், அவளும் அதையேதான் நினைக்கிறாள்!”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆத்தாடி, இப்படியா பேசினேன்! பேசும்போது தெரியவே இல்லையே!

மிஸ் செல்போனை நிறுத்தினார். “ஒம்பது நிமிஷத்துல சத்யா பேசுனது ஒன்றரை நிமிஷம். அவங்கவங்க பேசுனதுக்குத்தான்மா மார்க்கு. உனக்கு இருபது, ஆரிபா. சத்யாவுக்கு ஒம்பது.”

“ஒம்பதா!” என்றேன்.

சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இதுக்கு முன்னாடி வச்ச பயிற்சியிலயும் இப்படித்தான். சத்யா, பேசாம நீ பெர்சிகூட உக்காந்துக்குறியா? அவ நிதானமா பேசுவா” என்றார் மிஸ்.

சத்யப்ரியா மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும், தோழிக்காகத் தியாகம் செய்யத் தயாரானேன். “அவளுக்குச் சம்மதம் மிஸ்!” என்றேன்.

மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நான் உன்னையா கேட்டேன்?”

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“இல்ல மிஸ்” என்றாள் சத்யப்ரியா. குரல் சின்னதாக இருந்தாலும் உறுதியாக இருந்தது. “நான் ஆரிபாகூடயே இருக்கேன்.”

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னாலதான் மார்க்கு கொறையுதுன்னு உனக்குத் தெரியுமாடி?”

“ம்.”

“அப்புறம் ஏண்டி சொல்லல? என் மேல…” பயமா என்று முடிக்க வந்தவள், நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சடை நுனியைப் பார்த்தாள். “நீ உதவிதானே பண்ணுன. நீ நடுவுல பேசுனா எனக்கும் நிம்மதியா இருக்கும். அப்பாடா, நாம பேச வேண்டாம்னு இருந்துருவேன். ஆனா, ஆரிபா, எனக்கு இந்த வகுப்பு வேணும்.”

பரவை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் தோழியின் ரூமுக்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேனே!

அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். வாயை மூடிப் பழக வேண்டும்.

முதலில் கல்கண்டு. சத்யப்ரியா பேசும்போது ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைவதற்குள் அவள் முடித்துவிடுவாள் என்று கணக்கு. நான் கடக்கென்று கடித்து விழுங்கிவிட்டு இரண்டாவது நிமிடமே பேச ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்தது தண்ணீர். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டால் எப்படிப் பேச முடியும்? நல்ல யோசனைதான். ஆனால், சத்யப்ரியா தன் அண்ணன் ஆட்டுக்குட்டியிடம் முட்டு வாங்கிய கதையை ஜெர்மனில் சொன்னாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் முழுக்க அகராதியின் மேல் தெறித்தது. ஆனிமேரி மிஸ்ஸின் அகராதி. அதை வெயிலில் காயவைக்கவே ஒரு மதியம் போயிற்று.

கடைசியில் யூனுஸைக் காவலுக்கு வைத்தேன். “நான் யாரு பேச்சுக்கு நடுவுல பேசுனாலும் ‘வாய மூடு’ன்னு சொல்லுடா.”

“நெசமாவா? அடிக்க மாட்டியே?” என்று கேட்டான். அவன் முகத்தில் பெருநாள் வந்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நாற்பத்திரண்டு முறை சொல்லிவிட்டான். அதற்கு மேல் அம்மாவுக்கே பொறுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கடையில் இருந்தேன். அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வருகிற வரைக்கும் நான்தான் கடைக்குப் பொறுப்பு.

மாயக்காள் அக்கா வந்தார். செல்லூரில் பிளவுஸ் தைக்கிறவர். வாரம் தவறாமல் வருவார். “அந்த நூலு…” என்று வாயைத் திறப்பார். அதற்குள் அத்தா ஒரு டஜன் நூல்கண்டை எடுத்துப் பொட்டலம் கட்டிவிடுவார். எனக்கும் அது தெரியும்.

“அத்தா இல்லையா பாப்பா?” என்று கேட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்த நூலு…”

என் கை தானாகவே நூல் அலமாரிக்குப் போய்விட்டது. யூனுஸின் ‘வாய மூடு’ காதுக்குள் கேட்டது. கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மாயக்காள் அக்கா என் கையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன்.

“அந்த நூலு…” என்று மறுபடியும் இழுத்தார். “வேணாம் பாப்பா.”

“வேணாமா?”

“மெஷின்ல போட்டா அத்து அத்துப் போகுது. வேற கம்பெனி நூலு இருந்தா நல்லாருக்கும். ரெண்டு வருசமா கேக்கணும்னு நெனக்கிறேன்.”

“ரெண்டு வருசமாவா?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. அத்தா! தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

மாயக்காள் அக்காவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “நீங்க அம்புட்டு ஆசையா கட்டிக் குடுக்குறீங்க பாய். வேணாம்னு எப்படிச் சொல்றது?”

“நீங்க விட்டாத்தானே, அத்தா, அவங்க சொல்லுவாங்க” என்றேன்.

அத்தா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தானே எழுந்துபோய் மூன்று கம்பெனி நூல்களைக் கொண்டுவந்து வைத்தார். மாயக்காள் அக்கா ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்து, நிதானமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அத்தா அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு வந்த ஒருவரிடம் அத்தா கையைக் கட்டிக்கொண்டு, “நீங்க சொல்லுங்க” என்று நின்றார். வந்தவர் மிரண்டுபோய், “என்ன பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. இத்தனை நாளாகச் சத்யப்ரியாவுக்காக நான் பேசியதெல்லாம் அவள் சொல்ல வந்ததுதானா? “சனிக்கிழமைதான் அவளுக்குப் பிடிக்கும்” என்றேனே, பிடிக்குமா? எனக்குத் தெரியாது. ஒருநாளும் நான் கேட்டதே இல்லை. கேட்டாலும், “கேக் வாங்கலாம், சரிதானே? சரி” என்று பதிலையும் நானே சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மதியம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நீ என்ன நினைக்கிறாய்?” அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒரு காக்கை வந்து என் டிபன் பாக்ஸிலிருந்த சமோசாவைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கும் நாங்கள் பேசவில்லை. பெல் அடித்துவிட்டது.

“என்னடி?” என்றேன்.

“நீயே முடிச்சிருவன்னு பாத்துட்டு இருந்தேன்” என்றாள்.

போச்சுடா! இப்போது அவளுக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் இரண்டு வாக்கியம் பேசினாள். அதற்கு மறுநாள் ஐந்து. மிஸ் இன்னொரு முறை பதிவு செய்து பார்த்தபோது சத்யப்ரியாவுக்குப் பதின்மூன்று. இன்னும் இரண்டு மார்க் வேண்டும். அதற்குள் தேர்வு நாள் வந்துவிட்டது.

தேர்வு பள்ளி நூலகத்தில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த தேர்வாளரின் பெயர் பீமாராவ். நரைத்த மீசை, முன்னால் ஒரு சின்ன கடிகாரம், கையில் பேனா. ஆனிமேரி மிஸ் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பேசக் கூடாது என்பது விதி.

அவர் அட்டையைக் கொடுத்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: ஜெர்மனியிலிருந்து முப்பது மாணவர்கள் மே மாதத்தில் உங்கள் ஊருக்கு வருகிறார்கள். ஒருநாள் மட்டும் இருப்பார்கள். அவர்களை எங்கே அழைத்துப் போவீர்கள்? திட்டமிடுங்கள்.

இது எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு! நான் முதலில் பேசினேன்.

“காலையில் மீனாட்சி அம்மன் கோயில். மதியம் நாயக்கர் மஹால். இது என் எண்ணம்” என்று ஜெர்மனில் சொன்னேன். பிறகு சத்யப்ரியா பக்கம் திரும்பினேன். “நீ என்ன நினைக்கிறாய்?”

சத்யப்ரியா மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். சடை நுனியைப் பார்த்தாள்.

கடிகாரம் ஓடியது. பீமாராவ் சாரின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சுவரோரத்தில் மிஸ் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

‘நல்ல யோசனை என்று சொல்லிவிடேன்டி! இல்லாவிட்டால் நான் சொல்லட்டுமா?’ என் நாக்கு வாய்க்குள் துடித்தது. கல்கண்டு இல்லை, தண்ணீர் இல்லை, யூனுஸும் இல்லை. மேஜைக்குக் கீழே என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

இன்னும் அவள் பேசவில்லை.

பீமாராவ் சார் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்து, “பரவாயில்லை. நீயே தொடர்ந்து பேசலாம்” என்று ஜெர்மனில் சொன்னார்.

தேர்வாளரே சொல்கிறார். பேசினால் எனக்கு மார்க். பேசாவிட்டால் இவருக்குக் கோபம் வருமோ என்னவோ! ஆனால், நான் இப்போது வாயைத் திறந்தால் சத்யப்ரியா மறுபடியும், ‘அப்பாடா’ என்று இருந்துவிடுவாள்.

“மன்னிக்க வேண்டும் சார்” என்றேன். “அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது பேசுவாள்.”

ஜெர்மனில் ஏதாவது தப்பாகக்கூடச் சொல்லியிருப்பேன்.

சத்யப்ரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“நைன்” என்றாள்.

நைன் என்றால் ஜெர்மனில் இல்லை என்று அர்த்தம். நான்கு வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை!

“உன் திட்டம் சரிவராது, ஆரிபா. மே மாதம் கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடந்தால் கல் சுடும். நமக்கே சுடும். அவர்களுக்குப் பழக்கமும் இல்லை. பாதம் கொப்பளித்துப் போகும்.”

அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால், நிற்கவில்லை.

“நடக்கிற வழியில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்களே! அதில் சுடாது” என்றேன். இது உண்மையான கோபம். என் கோயில் திட்டத்தை எப்படிக் குறை சொல்லலாம்?

“முப்பது பேரும் ஒரே வெள்ளைக் கோட்டில் நடப்பார்களா? எறும்பு மாதிரியா?”

“சரி, அப்படியானால் சாயங்காலம் போகலாம்!”

சத்யப்ரியா யோசித்தாள். நான் பொறுத்தேன். பீமாராவ் சாரும் பொறுத்தார்.

“சாயங்காலம் போகலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், காலையில் எங்கள் பரவை மார்க்கெட்டுக்கு வர வேண்டும்.”

“மார்க்கெட்டா? தக்காளியைப் பார்க்கவா விமானம் ஏறி வருகிறார்கள்?”

“தக்காளியை மட்டுமா? விடிவதற்கு முன்பே லாரி லாரியாகக் காய் வரும். என் அப்பா அங்கேதான் மூட்டை இறக்குகிறார். மதுரையில் மதியம் சாப்பிடுகிற சாம்பார் எல்லாம் காலையில் அவர் தோளில்தான் வருகிறது. கோயிலைப் படத்தில் பார்த்திருப்பார்கள். இதை எந்தப் படத்தில் பார்த்திருப்பார்கள்?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆரிபாவுக்குப் பதில் சொல்ல வரவில்லை! நம்புவீர்களா?

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூட்டை இறக்குகிறவர்கள் குடிக்கிற டீயைப் பற்றிச் சொன்னாள். வெங்காய மூட்டைமேல் ஏறித் தூங்குகிற பூனையைப் பற்றிச் சொன்னாள். அப்பாவின் தோளில் காய்த்துப்போன இடத்தைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்ததைச் சொன்னாள். நான்கு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

பீமாராவ் சார் கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நேரம் முடிந்துவிட்டது.

சத்யப்ரியா அவரைப் பார்த்தாள். “ஐனன் மொமென்ட், பிட்டெ” என்றாள்.

ஒரு நிமிடம், தயவுசெய்து என்று அர்த்தம்.

“நான் இன்னும் முடிக்கவில்லை.”

சுவரோரத்தில் ஆனிமேரி மிஸ்ஸின் கைக்குட்டை கீழே விழுந்தது. பீமாராவ் சார் தூக்கிய கையை மெதுவாக இறக்கினார். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“சொல்லம்மா” என்று தமிழில் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து மார்க் வந்தது. மிஸ் படித்தார். எனக்குப் பதினெட்டு. சத்யப்ரியாவுக்குப் பத்தொன்பது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் ஓடி வந்துவிட்டார். மிஸ்கூடக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சத்யப்ரியா என் கையைப் பிடித்தாள். “ஆரிபா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். ‘தேங்க்ஸ்’ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ‘அதெல்லாம் வேண்டாம்டி’ என்பது என் வாய் வரை வந்துவிட்டது. பொறுத்தேன்.

“எனக்கு சனிக்கிழமை பிடிக்காதுடி” என்றாள்.

“என்னது!”

“சனிக்கிழமைன்னா ரெண்டு அண்ணனும் வீட்டுல இருப்பாங்க. எனக்குப் புதன்கிழமைதான் பிடிக்கும். பலூனும் பிடிக்காது. டொப்புன்னு வெடிச்சா எனக்குப் பயம். அப்புறம் இன்னொண்ணு…”

பரவை பஸ் வந்தது. “உன் பஸ்ஸு வந்துருச்சுடி” என்றேன்.

“போகட்டும், அடுத்ததுல போறேன். நீ கேளேன்.”

கேட்டேன். அவள் விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள். நடுவில் நிறுத்தி யோசித்தாள். மறுபடியும் சொன்னாள். அடுத்த பஸ்ஸும் வந்தது, போனது. அதற்கடுத்த பஸ்ஸின் கண்டக்டர் எங்களைப் பார்த்து, “ஏறுறீங்களா, இல்லையா பாப்பா?” என்று கத்தினார்.

“நீங்க போங்கண்ணே” என்றேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.